சின்னக் கல்லூரியில் ஒரே தமிழ் ஆளாகப் போய்ச் சேருகிறவர்களுக்கு

அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் இருக்கும் ஓபர்லின் மாதிரிக் கல்லூரிகளுக்கு இந்த ஆகஸ்டில் கிளம்புகிற தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓபர்லினில் மொத்த மாணவர்களே ஏறக்குறைய 3,000 பேர்தான். ஊரும் ஒரு சின்னப் பேரூராட்சி அளவுதான். பெரிய பல்கலைக்கழகங்களைப் போலத் தமிழ்ச் சங்கம், பொங்கல் விழா, விமான நிலையத்துக்கே கார் கொண்டுவரும் சீனியர்கள் என்று எதையும் எதிர்பார்க்க முடியாது. உங்கள் வகுப்பில் தமிழ் பேசுகிறவர் நீங்கள் ஒருவராக மட்டுமே இருக்கலாம்.

அதனால் யாராவது கூப்பிடுவார்கள் என்று அறையில் உட்கார்ந்திருக்காதீர்கள். முதல் மாதத்திலேயே ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வராவிட்டால் நாலு பேர் தேடுகிற மாதிரியான வேலையாக அது இருக்கட்டும்.

ஓபர்லினில் அதற்கு நல்ல வழி கூட்டுறவுச் சமையலறைகள். 1950-இல் தொடங்கிய மாணவர் கூட்டுறவுச் சங்கம் இவற்றை நடத்துகிறது. அரிசி பருப்பு வாங்குவது, சமைப்பது, பாத்திரம் கழுவுவது, கணக்குப் பார்ப்பது எல்லாமே மாணவர்கள்தான். ஒவ்வொருவருக்கும் வாரத்தில் சில மணி நேர முறை உண்டு. நான் பார்த்தவரை, பாத்திரம் கழுவும் நேரத்தில் உண்டாகிற பழக்கம் அறிமுக வாரத்து விளையாட்டுகளில் உண்டாவதில்லை. இரண்டு வாரம் பழகியதும் சாம்பார் வைக்கிறேன் என்று தைரியமாகச் சொல்லுங்கள். துவரம்பருப்பும் புளியும் வேண்டும் என்று பொருள் வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஐம்பது அறுபது பேருக்கு அண்டாவில் வைக்கும்போது வீட்டு அளவை அப்படியே பெருக்கினால் காரம் கூடிவிடும். மிளகாய்த்தூளைப் பாதி போட்டு ருசி பாருங்கள். தாளிப்பதற்கு முன் புகைபோக்கி விசிறியைப் போடுங்கள், கடுகு வெடிக்கிற புகைக்கே தீ அலாரம் அடித்துவிடும். அப்புறம் ஒரு விஷயம்: உதவித்தொகையில் படிக்கிறவர்கள், கூட்டுறவில் சேர்ந்தால் அந்தத் தொகை மாறுமா என்று நிதி அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு சேருங்கள்.

இன்னொன்று, 1968-இல் தொடங்கிய எக்ஸ்கோ (Experimental College) வகுப்புகள். இவற்றில் மாணவர்களே பாடம் எடுக்கலாம். தமிழ் எழுத்தோ கோலமோ பல்லாங்குழியோ, உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்க விண்ணப்பியுங்கள். அதற்குத் தயக்கம் என்றால் வேறு யாராவது எடுக்கும் வகுப்பில் போய் உட்காருங்கள்.

பலருக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருக்கிறது. ஓபர்லினுக்கும் மதுரைக்கும் பல பத்தாண்டு உறவு. ஓபர்லின் ஷான்சி என்ற அமைப்பு ஓபர்லினில் படித்து முடித்தவர்களை மதுரை அமெரிக்கன் கல்லூரிக்கும் லேடி டோக் கல்லூரிக்கும் அனுப்பிவந்திருக்கிறது. அதனால் மதுரையில் தங்கி, தமிழ் கொஞ்சம் கற்றுக்கொண்ட அமெரிக்கர்களை அந்த வட்டத்தில் சந்திக்க வாய்ப்பு உண்டு. ஷான்சி அலுவலகத்துக்கு நேரே போய் "நான் தமிழ்நாட்டிலிருந்து வருகிறேன்" என்று சொல்லுங்கள். ஆசையாகப் பேசுவார்கள்.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைதான் கஷ்டமான காலம். விடுதி காலியாகிவிடும், குளிரும் ஆரம்பித்திருக்கும், மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும். அக்டோபரிலேயே நண்பர்களிடம் "நான் இங்கேதான் இருப்பேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். யாராவது வீட்டுக்கு அழைத்தால் கூச்சப்படாமல் போங்கள். அழைப்பு வராவிட்டால் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேளுங்கள்; ஊருக்குப் போகாத மற்றவர்கள் யார் யார் என்று அவர்களுக்குத் தெரியும்.

நம் ஆட்களையும் தேடிப் போகத்தான் வேண்டும். கிளீவ்லாந்து முக்கால் மணி நேரப் பயணம். பக்கத்தில் பார்மாவில் சிவ விஷ்ணு கோயில் இருக்கிறது. 1978 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஈஸ்டரை ஒட்டி கிளீவ்லாந்தில் தியாகராஜ ஆராதனை நடக்கிறது. ஓபர்லினில் இசைக் கல்லூரியும் இருப்பதால், கச்சேரிக்கு வர ஆசைப்படும் வயலின் மாணவர் ஒருவராவது கிடைப்பார். கார் வைத்திருப்பவராகப் பார்த்து மார்ச்சிலேயே பேசிவையுங்கள். பெட்ரோல் செலவைப் பகிர்ந்துகொள்ளலாம்.