மறு: ‘சூழொலி’ இருக்க, இம்மர்சிவ் ஒலிக்கு என்ன சொல்?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒலிப்பதிவு வகுப்புக்கான பாடம் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டும். ஒரே இசை ஆல்பத்தின் 5.1 சரவுண்ட் மிக்ஸையும் டால்பி அட்மாஸ் மிக்ஸையும் அடுத்தடுத்துக் கேட்டு ஒப்பிடுவதுதான் பாடம். சரவுண்டுக்குச் ‘சூழொலி’ என்று போட்டுவிட்டேன், அதில் சிக்கலில்லை. அட்மாஸ் போல மேலிருந்தும் வந்து கேட்பவரைத் தனக்குள் ஆழ்த்துகிற ஒலிக்கான பெயர், அந்த இம்மர்சிவ்தான் இடிக்கிறது. முதல் படியில் ‘மூழ்கொலி’ என்று எழுதியிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல். சுருக்கமாக இருந்தால் நல்லது.

———

> முதல் படியில் ‘மூழ்கொலி’

தயவுசெய்து வேண்டாம். மிக்ஸிங் அறையில் நாங்கள் தினமும் பேசுவது இது: “குரல் மூழ்குது, கொஞ்சம் தூக்கு.” மூழ்கிய ஒலி என்றால் மற்ற வாத்தியங்களுக்கு அடியில் போய்க் காதில் விழாத ஒலி. மாணவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார்.

சொல் தேடும் முன் பொருளைப் பார்த்துவிடுவோம். 5.1இல் ஸ்பீக்கர்கள் காது மட்டத்தில் இருக்கும். நடுவில் ஒன்று, முன்னால் இரு பக்கமும் 30 பாகையில் ஒவ்வொன்று, பின்பக்கவாட்டில் 110 பாகையையொட்டி இரண்டு. அந்த ‘.1’ தாழ்வொலிக்கான தனித்தடம். எந்த ஒலி எந்த ஸ்பீக்கருக்கு என்பது மிக்ஸிலேயே முடிவாகிவிடும். 2012இல் திரையரங்குக்கு வந்த அட்மாஸில் அப்படியில்லை. ஒலியோடு அதன் இருப்பிடமும் தகவலாகப் போகிறது. எந்த ஸ்பீக்கரில் எவ்வளவு என்பதைக் கேட்கிற இடத்தில் ரெண்டரர் என்ற கணிப்பு மென்பொருள் கணக்கிடுகிறது. 7.1.4 அமைப்பில் நான்கு ஸ்பீக்கர் தலைக்கு மேல். சுற்றி வருவது இரண்டுக்கும் பொது. கேட்கிறவருக்குப் புதிது மேலே இருப்பது.

———

அன்பரே,

‘சூழொலி’ வினைத்தொகை. சூழ்ந்த, சூழ்கிற, சூழும் ஒலி. சூழ்வது ஒலி. ‘மூழ்கொலி’யில் மூழ்குவது யார்? கேட்கிறவர். எழுவாயே மாறிப்போகிறது.

மேலே இருப்பதுதான் புதிது என்றால் தமிழில் அதற்கென்றே ஒரு வினை உண்டு: கவிதல். வானம் கவிகிறது, இருள் கவிகிறது. குடைக்குக் கவிகை என்று பெயர். வள்ளுவர் ‘செவிகைப்ப’ என்று தொடங்கிக் ‘கவிகைக்கீழ்த் தங்கும் உலகு’ என்று முடிக்கிறார். செவியும் கவிகையும் ஒரே குறளில்! சூழ்வது சுற்றி, கவிவது மேலே. ‘கவியொலி’ என்பது என் பரிந்துரை.

———

> எழுவாயே மாறிப்போகிறது.

ஐயா, பணிவோடு மறுக்கிறேன். சுடுகாட்டில் காடா சுடுகிறது? குடிநீரில் நீரா குடிக்கிறது? பெயரெச்சம் ‘செய்வது ஆதி அறுபொருட் பெயரும்’ கொள்ளும் என்று நன்னூலார் சொல்லியிருக்கிறாரே. கருவி, நிலம், செயப்படுபொருள் எல்லாம் அதில் அடக்கம். வினைத்தொகைக்கும் அது பொருந்தும். நாம் ஆழ்கிற ஒலி ‘ஆழொலி’. ஆழ்வார் என்ற சொல்லுக்குள் இருக்கிற அனுபவம் இது.

‘கவியொலி’யை என் மகளிடம் எழுதிக் காட்டினேன். “கவிஞர் வாசிக்கிறதாப்பா?” என்றாள்.

———

ஆழொலி என்றால் என் மாணவர்கள் சப்வூஃபரை, அந்தத் தாழ்வொலி ஸ்பீக்கரைத்தான் காட்டுவார்கள். ‘டீப் பாஸ்’ அவர்களுக்கு அவ்வளவு பழக்கம்.

வகுப்பில் நிற்கிறவளாகச் சொல்கிறேன்: இம்மர்சிவ் என்றே விடுங்கள். மென்பொருளைத் திறந்தால் அவர்கள் கண்ணில் படப்போவது ரெண்டரர், ஆப்ஜெக்ட் (இருப்பிடத் தகவலோடு போகும் ஒலி), பெட் (ஸ்பீக்கர் முன்பே முடிவான தடங்கள்). தமிழ்ச் சொல்லை மனப்பாடம் செய்து, அதை மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு பொத்தானைத் தேடவேண்டுமா?

———

அம்மா, அப்படியானால் சூழொலியும் எதற்கு? ‘வானொலி’யை ஏற்ற காது இதையும் ஏற்கும். தமிழில் பெயர் கிடைத்த பிறகுதான் ஒரு பொருளைப் பற்றித் தமிழில் சண்டையாவது போட முடிகிறது.

மிக்ஸுக்கே நல்ல சொல் நம்மிடம் இருந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ‘குழல்வழி நின்றது யாழே’ என்று ஒவ்வொரு கருவியாக வந்து, கடைசியில் வருவது ஆமந்திரிகை; உரையில் அது இடக்கை என்ற கருவி, எல்லாம் கூடி இசைப்பது என்று கொள்வோரும் உண்டு; அதனோடு மற்றவையும் சேர்வது ‘அந்தரம் இன்றி’. இடைவெளி இல்லாத கலவை! ‘சூழ் ஆமந்திரிகை’, ‘கவி ஆமந்திரிகை’ என்று இரண்டையும் பிரிக்கலாமே.

———

அங்கே ‘வழி’ பின்பற்றுதலைச் சொல்கிறது, நிற்கிற இடத்தை அல்ல. அந்தரம் இல்லாதது அட்மாஸுக்குப் பொருந்தவும் பொருந்தாது. கருவிகளுக்கு நடுவே இடம் விடத்தான் பாதிப் பேர் அதைத் தேர்கிறார்கள். நயமான சொல், பாடத்துக்கு ஆகாது.

———

நண்பர்களே, நாளை வெள்ளி. இதுவரை ஆழொலிக்கு இருவர், கவியொலிக்கு ஒருவர், இம்மர்சிவுக்கு ஒருவர். தனிமடலில் ஐந்து பேர் ‘முழுச்சூழொலி’ என்றார்கள். சூழொலி தெரிந்தவருக்கு விளக்கமே வேண்டாம். அதையே போடுகிறேன். எல்லோருக்கும் நன்றி.

———

முடிவாகிவிட்டது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

நீங்கள் மொழிபெயர்க்கிற பாடம் ஒப்பீட்டுப் பாடம். ஒன்று முழு என்றால் மற்றது குறை என்று ஆகிவிடுகிறது. கேட்கத் தொடங்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிட்டோம். இரண்டு மிக்ஸை ஒப்பிடும்போது முதல் வேலையாக உரப்பை, அதாவது காதுக்குக் கேட்கிற ஒலியளவை, சமன் செய்கிறோம். ஒரு டெசிபெல் கூடியிருந்தாலே அதுதான் மேல் என்று காது சொல்லிவிடும். சொல்லும் அப்படி ஒரு டெசிபெல்தான்.

நேற்றிரவு ஒரு ஆல்பத்தின் இரண்டு மிக்ஸையும் சமன் செய்து கேட்டேன். 5.1இல் கோரஸ் இடது பின்பக்கமிருந்து வருகிறது. பத்தாவது நொடியில் தலை தானாகத் திரும்புகிறது. பாடகர் குரலிலிருந்து கவனம் போய்விடுகிறது. அட்மாஸில் அதே கோரஸ் மேலே ஏறி நிற்க, குரலுக்கு முன்னால் இடம் திறந்துகொள்கிறது. சரி, அது அட்மாஸுக்கு. ஆனால் டிரம்ஸ் வந்ததும் கதை வேறு. 5.1இல் நெஞ்சில் விழுந்த அடி, அட்மாஸில் கூரைவரை பரவி மெலிந்துவிட்டது. ஹெட்ஃபோனில் இரண்டு காதுக்குச் சுருக்கிக் கேட்டபோது இன்னும் மெலிவு. அந்தப் பாட்டுக்கு எது முழு?

ஐயா சொன்ன கவியொலி எனக்கும் முதலில் கவிஞரைத்தான் நினைவூட்டியது. ஆனால் அது மேலே இருப்பதைச் சொல்லுகிறதே தவிர, மேலானது என்று சொல்லவில்லை. பாடம் உங்கள் சொல்லோடு போகட்டும். என் அறைப் பலகையில் கவியொலி என்றுதான் எழுதியிருக்கிறேன்.