ஸ்பிரிங் மாற்றிய பிறகு ஏர்சாஃப்ட் எம்4 ஊளையிடுகிறது, கிரிப்பும் கொதிக்கிறது: உதவி தேவை

ஞாயிறு ஆட்டக்காரன்:

வணக்கம். லண்டனில் இருக்கிறேன், பிளாஸ்டிக் குண்டு சுடும் போலித் துப்பாக்கிகளோடு ஆடும் ஏர்சாஃப்ட் விளையாட்டைத் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. என்னிடம் இருப்பது இன்னொருவரிடம் வாங்கிய பழைய எம்4 மாதிரித் துப்பாக்கி, பேட்டரியில் ஓடுவது. உள்ளே வெர்ஷன் 2 வகை கியர்பாக்ஸ் (பல்சக்கரப் பெட்டி). வாங்கியபோது எம்120 ஸ்பிரிங் இருந்தது (எண் கூடினால் ஸ்பிரிங் விறைப்பு). நான் போகும் மைதானத்தில் 0.20 கிராம் குண்டுக்கு விநாடிக்கு 350 அடிதான் உச்ச வேகம். அதனால் போன வாரம் நானே திறந்து எம்100 போட்டேன். வேகம் 320 அடியை ஒட்டி வருகிறது. அதில் குறை இல்லை.

சத்தம்தான் தாங்கவில்லை. முன்பு விசையை இழுத்தால் "டர்ர்க்" என்று கட்டாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். இப்போது பல் மருத்துவர் துளை போடும் கருவி மாதிரி "வீய்ய்ங்" என்று ஊளை. அதற்கு அடியில் மணலை அரைப்பது போல ஒரு கரகரப்பு. இரண்டு மேகசின் முடிவதற்குள் கிரிப்பை, அதாவது கைப்பிடியை, பிடிக்க முடியாத சூடு. ஞாயிற்றுக்கிழமை புதருக்குப் பின்னால் அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்து ஒரே ஒரு குண்டு விட்டேன். எதிரணியில் மூன்று பேரும் நேராக என் பக்கம் திரும்பினார்கள். கியர்களுக்கு நிறைய கிரீஸ் அப்பிப் பார்த்தேன், கொஞ்ச நேரம் அடங்கியது, மறுபடி அதே கதை. மோட்டார் போய்விட்டதா? புதிது வாங்க வேண்டுமா?

பல்சக்கரம்:

தம்பி, மோட்டார் வாங்கிவிடாதீர்கள். கோவையில் பல்சக்கரம் வெட்டும் பட்டறையில் எட்டு வருடம் இருந்தவன் நான். இப்போது பர்மிங்காம் பக்கம் ஆடுகிறேன்.

முதலில் ஒன்றை யோசியுங்கள். எம்120-ஐ எடுத்துவிட்டு எம்100 போட்டிருக்கிறீர்கள். ஸ்பிரிங் இளகியிருக்கிறது, மோட்டாருக்குச் சுமை குறைந்திருக்கிறது. நியாயமாகப் பார்த்தால் சத்தமும் சூடும் குறைய வேண்டும். கூடியிருக்கிறது என்றால் திறந்து மூடியதில் ஏதோ இடம் மாறியிருக்கிறது. அதைத்தான் தேட வேண்டும்.

மூன்று விஷயம் சொல்லுங்கள். பேட்டரி எத்தனை வோல்ட்? கிரிப்பின் அடித்தகட்டில் உள்ள திருகைத் தொட்டீர்களா? ஒற்றைக் குண்டு விடும்போதும் ஊளை வருகிறதா, தொடர்ந்து சுடும்போது மட்டுமா?

ஞாயிறு ஆட்டக்காரன்:

பேட்டரி 7.4 வோல்ட் லைப்போ, முன்பும் அதேதான். ஒற்றைக் குண்டிலும் "வீக்" என்று கேட்கிறது. கிரிப்பைக் கழற்றி மாட்டியபோது அந்தத் திருகு வெளியே வந்துவிட்டது. திரும்பப் போட்டு, நின்ற இடம் வரை இறுக்கினேன். தப்பா அண்ணா?

பல்சக்கரம்:

அதுதான் பாதி நோய். அந்தத் திருகு கிரிப்புக்குள் இருக்கும் மோட்டாரை மேலே தள்ளுவதற்காக இருப்பது. மோட்டார் நுனியில் பினியன் என்கிற சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. அது கியர்பாக்ஸில் உள்ள பெவல் கியரோடு செங்குத்தாகக் கோத்துக்கொள்ள வேண்டும். திருகை முட்ட இறுக்கினால் பினியன் பெவலுக்குள் போய் அழுந்தும். பற்களுக்கு நடுவே மூச்சுவிட இடமே இருக்காது. மோட்டார் திணறும், ஊளையிடும், சூடாகும். ரொம்பத் தளர்ந்தாலோ பற்கள் நுனியில் மட்டும் கவ்வும். அப்போது கரகரவென்று அரைக்கும், கடைசியில் பல்லே போய்விடும்.

திருகை ஒரு முழுச்சுற்று தளர்த்துங்கள். ஒரு குண்டு விடுங்கள். அப்புறம் எட்டில் ஒரு பங்கு சுற்றாக இறுக்கிக்கொண்டே வாருங்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று குண்டு. அரைக்கும் சத்தம் குறைந்துகொண்டே வந்து ஓர் இடத்தில் மெலிதாகும். அதைத் தாண்டினால் ஊளை தொடங்கும். அந்த மெலிந்த இடம்தான் உங்களுக்கு வேண்டியது. வெறும் காதை நம்பாமல் பத்து குண்டு தொடர்ந்து விட்டு கிரிப்பையும் தொட்டுப் பாருங்கள். பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், குழல் முன்னால் ஒரு அட்டைப்பெட்டி நிறையப் பழைய துணி வைத்துச் சுடுங்கள்.

குளிர்காடு:

எனக்கும் இப்படித்தான் இருந்தது. கியர்களுக்கு இரண்டு பக்கமும் கூடுதலாக ஷிம் (மெல்லிய உலோக வளையம்) போட்டு ஆடாமல் இறுக்கிவிட்டேன், சத்தம் போய்விட்டது. அதையும் பார்க்கலாமே?

பல்சக்கரம்:

மன்னிக்கவும், இதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஷிம்மைத் திணித்துக் கியரை நெருக்கினால் சத்தம் அடங்கும்தான். ஆனால் கியர், அதன் அச்சைத் தாங்கும் புஷ்ஷோடு உரசி உரசி ஓடும், அந்தச் சுமை முழுவதும் மோட்டார் தலையில் விழும். உங்கள் துப்பாக்கியில் இருபது குண்டு விட்டபின் மோட்டாரின் அடியைத் தொட்டுப் பாருங்கள். கிரீஸும் அப்படித்தான். நிறைய அப்பினால் சில நிமிடம் சத்தத்தை மூடும், பிறகு சுழற்சியில் எல்லாம் சுவருக்குத் தெறித்துவிடும். பற்களில் மெல்லிய பூச்சாக நின்றால் போதும்.

ஞாயிறு ஆட்டக்காரன்:

செய்தேன். முக்கால் சுற்று தளர்ந்த இடத்தில் ஊளை கிட்டத்தட்டப் போய்விட்டது. சூடும் பாதியாகிவிட்டது. ஆனால் அந்த மணல் அரைக்கிற சத்தம் மட்டும் எந்த இடத்தில் வைத்தாலும் இருக்கிறது.

பல்சக்கரம்:

அப்படியானால் திறந்தே ஆக வேண்டும். அவசரப்படாமல் செய்யுங்கள். மேகசினை எடுங்கள், உள்ளே நிற்கும் குண்டைச் சுட்டு வெளியேற்றுங்கள், பேட்டரியைக் கழற்றுங்கள். கிரிப்பையும் மோட்டாரையும் எடுத்தபின், கியர் பின்னோக்கிச் சுழலாமல் பிடித்திருக்கும் சின்ன நாக்கு ஒன்று தெரியும். மெல்லிய ஸ்க்ரூடிரைவரால் அதை விலக்குங்கள். ஸ்பிரிங் இழுபட்டு நின்றிருந்தால் "சர்ர்" என்று கியர்கள் பின்னால் ஓடி இறுக்கம் இறங்கிவிடும். மூடியைத் திறக்கும்போது பின்பக்க ஓட்டை வழியாக ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை விட்டு ஸ்பிரிங்குக்குள் நிற்கும் தண்டான ஸ்பிரிங் கைடைப் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஸ்பிரிங் கூரைக்குப் பறக்கும், கூடவே ஷிம்களும் சிதறும்.

திறந்ததும் எதையும் துடைக்காதீர்கள். எந்தக் கியரின் எந்தப் பக்கம் எத்தனை ஷிம் என்று முதலில் படம் எடுங்கள். பழைய கிரீஸில் ஷிம் ஒட்டிக்கொண்டு சுவரோடு போய்விடுவது சகஜம். அதைத்தான் நான் சந்தேகப்படுகிறேன்.

ஷிம் வைக்கும் வரிசை முக்கியம். பெவலில் தொடங்குங்கள். கியர்பாக்ஸ் ஓட்டின் ஒரு பாதியில் பெவலை மட்டும் வைத்து, கிரிப்போடு மோட்டாரை மாட்டி, பினியன் அதில் எப்படி உட்காருகிறது என்று வெளிச்சத்தில் பாருங்கள். பற்கள் முழு அகலத்துக்கும் கோத்திருக்க வேண்டும். அந்த உயரம் கிடைத்ததும் பெவலை அசைக்காதீர்கள். அதற்கு ஏற்ப நடுவில் உள்ள ஸ்பர், அதற்கு ஏற்ப பிஸ்டனை இழுக்கும் செக்டர். பலர் பெவலைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் கோளாறை மோட்டார் திருகால் சரிக்கட்டப் பார்ப்பார்கள். அங்கேதான் சத்தம் நிரந்தரமாகக் குடியேறுகிறது.

ஒவ்வொரு கியரும் பக்கவாட்டில் விரலுக்கு மட்டும் தெரியும் அளவு அசைய வேண்டும், சுமார் 0.1 மி.மீ. எல்லாத் திருகையும் இறுக்கிய பிறகே சோதியுங்கள். ஓடு லேசாகத் திறந்திருந்தாலும் கணக்கு மாறிவிடும். சந்தேகம் இருந்தால் பற்களில் மார்க்கர் மை பூசி, பிஸ்டனும் ஸ்பிரிங்கும் இல்லாமல் மோட்டாரைச் சில விநாடிகள் ஓடவிடுங்கள். மை எங்கே அழிகிறதோ அங்கேதான் பற்கள் தொடுகின்றன.

ஞாயிறு ஆட்டக்காரன்:

கண்டுபிடித்துவிட்டேன்! நேற்று இரவு சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரித்துத் திறந்தேன். பெவலின் அடியில் இருக்க வேண்டிய 0.3 மி.மீ. ஷிம், நான் அப்பிய கிரீஸில் ஒட்டி ஸ்பருக்கு மேலே போய் உட்கார்ந்திருந்தது. ஸ்பர் கீழே அழுந்தி, பெவலின் முகத்தில் நகத்தால் கீறியது போல வளையமாக ஒரு பளபளப்பு. கிரீஸ் முழுக்கச் சாம்பல் நிறம், விரலில் தேய்த்தால் உலோகத்தூள் மினுங்கியது.

எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, நீங்கள் சொன்ன வரிசையில் வைத்தேன். பெவலுக்கு மட்டும் நான்கு முறை மாற்றினேன், 0.3 போதாமல் கூட ஒரு 0.1 சேர்த்ததும் பினியன் சரியாக உட்கார்ந்தது. மை பல்லின் அகலம் முழுவதும் அழிந்திருந்ததைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. அரைக்கும் சத்தம் அடியோடு போய்விட்டது. முப்பது குண்டு தொடர்ந்து விட்டேன், கிரிப் லேசான வெதுவெதுப்புதான். ரொம்ப நன்றி அண்ணா.

இன்னும் ஒன்றே ஒன்று. கியர் அமைதியானதும் ஒவ்வொரு குண்டுக்கும் முன்பக்கம் "டக்" என்று ஓர் அடி தெளிவாகக் கேட்கிறது. இது முன்பே இருந்திருக்கும் போல.

குளிர்காடு:

அது பிஸ்டன் போய் சிலிண்டர் ஹெட்டில், அதாவது சிலிண்டரின் முன்மூடியில், மோதுகிற சத்தம். ஹெட்டில் இருக்கும் ரப்பர் நாளாவட்டத்தில் கல்லாகிவிடும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதிர்வை உறிஞ்சும் சோர்போத்தேன் பட்டை ஒட்டுங்கள், "டக்" மொத்தென்று அடங்கிவிடும். பட்டை தடிமனானால் பிஸ்டன் சற்றுப் பின்னால் நிற்கும், அதனால் செக்டரின் முதல் பல் பிஸ்டனின் முதல் பல்லைச் சரியான கோணத்தில் பிடிக்கிறதா என்று மூடுவதற்கு முன் கையால் சுற்றிப் பாருங்கள். பல பிஸ்டன்களில் இரண்டாவது பல்லை அரம் போட்டு எடுக்க வேண்டியிருக்கும். சிலிண்டருக்குள் சிலிக்கான் கிரீஸ் மட்டும். கியருக்குப் போடுவதை அங்கே போட்டால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான ஓ-ரிங் ஊறிக் கெட்டுவிடும்.

அப்புறம், பல்சக்கரம் அண்ணன் சொன்னபடி என் மோட்டாரைத் தொட்டுப் பார்த்தேன். இருபது குண்டிலேயே கை வைக்க முடியவில்லை. இந்தச் சனிக்கிழமை ஷிம்களைக் குறைக்கப் போகிறேன்.

பல்சக்கரம்:

பெவலில் தொடங்குங்கள். ஞாயிறு ஆட்டக்காரரே, மோட்டார் திருகு இப்போது நிற்கும் இடத்தில் திருகுக்கும் தகட்டுக்கும் சேர்த்து ஒரு கோடு பெயிண்டால் இழுத்துவிடுங்கள். ஆட்டத்தின் அதிர்வில் அது மெல்லத் தளரும். கோடு விலகியிருந்தால் மைதானத்திலேயே பார்த்து நேராக்கிக்கொள்ளலாம்.