சார்லட் லூகஸைப் பார்த்து ஆஸ்டின் சிரிக்கிறாரா?

கேள்வி:
ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலை இரண்டாவது தடவையாகப் படிக்கிறேன். முதல் தடவை நாயகி எலிசபெத், நாயகன் டார்சி தவிர யாரும் கண்ணில் படவில்லை, இப்போது எலிசபெத்தின் தோழி சார்லட்தான் மனதை அரிக்கிறாள். எலிசபெத்தைக் கல்யாணத்துக்குக் கேட்டு இல்லை என்று ஆன அவளுடைய உறவினர், பாதிரியார் காலின்ஸ், மூன்று நாளுக்குள் இவளிடம் வந்து நிற்கிறார், இவளும் சரி என்கிறாள். கதைசொல்லி அவளைக் கிண்டல் செய்கிறாரா, பரிதாபப்படுகிறாரா? தொனி பிடிபடவே இல்லை.

பதில் 1:
22ஆம் அத்தியாயத்தை மெதுவாகப் படித்துப் பாருங்கள். காலின்ஸைப் பார்த்து நன்றாகவே சிரிக்கிறார். அக்கா கல்யாணமாகாமலே இருந்துவிடுவாளோ என்ற பயம் தீர்ந்த சார்லட்டின் தம்பிகளைப் பார்த்தும் சிரிக்கிறார். ஆனால் சார்லட்டின் மனதுக்குள் போனதும் சிரிப்பு நின்றுவிடுகிறது. வயது 27, அழகும் இல்லை, பணமும் இல்லை, படித்த பெண்ணுக்குக் கௌரவமாகப் பிழைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்று நேராகச் சொல்லிவிடுகிறார். 1813இல் வந்த நாவல், அன்றைய நிலைமை அதுதான்.

பதில் 2:
பரிதாபம் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு எலிசபெத் கென்டுக்குப் போய் சார்லட்டின் வீட்டில் தங்கும் பகுதியைப் பாருங்கள். பெரிய, வெளிச்சமான அறை இருக்கும்போது சார்லட் ஏன் பின்பக்க அறையில் உட்காருகிறாள் என்று எலிசபெத்துக்குப் புரியவில்லை, அப்புறம்தான் பிடிபடுகிறது: காலின்ஸின் அறை தெருவைப் பார்த்தது, மனைவியின் அறையும் அதே மாதிரி இருந்தால் அவர் அங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவார். தோட்ட வேலை உடம்புக்கு நல்லது என்று அவரை வெளியே அனுப்புவதும் இவள்தான், அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. ஒரு நாளில் தனக்கென்று சில மணி நேரத்தை அவள் இப்படித்தான் சம்பாதிக்கிறாள். எனக்கு அவள்மேல் மரியாதைதான் வந்தது.

பதில் 3:
கூடவே எலிசபெத்தின் அப்பா திரு. பென்னட்டையும் பாருங்கள். பொருந்தாத கல்யாணம்தான் அவருடையதும், அவர் ஒளிந்துகொள்வது புத்தக அறையில். அவர் பேச்சுக்கு நாம் விழுந்து விழுந்து சிரிக்கிறோம், 42ஆம் அத்தியாயம் வந்ததும் கதைசொல்லி அந்தச் சிரிப்பைப் பிடுங்கிவிடுகிறார். இளமையையும் அழகையும் பார்த்துக் கட்டிக்கொண்டவர், பெற்ற பிள்ளைகள் முன்னாலேயே மனைவியைக் கேலிப்பொருளாக்கியது தப்பு என்று எலிசபெத்தின் மனம் வழியாகவே சொல்கிறார். வருடம் 2,000 பவுண்டு வந்தும், மகன் பிறப்பான் என்ற நம்பிக்கையில் சேர்த்து வைக்கவே இல்லை. ஆண் வாரிசு இல்லாததால் வீடு காலின்ஸுக்குத்தான் போகும், அதாவது ஒருநாள் சார்லட்டுக்கு.

கேள்வி கேட்டவர்:
அந்தப் பின்பக்க அறையை நான் கவனிக்கவே இல்லை! இன்று ராத்திரி அங்கிருந்து மறுபடி தொடங்குகிறேன்.