பெரியப்பாவின் கார்டும் பெங்களூருக்குப் போகும் ஓடிபியும்

*வெள்ளிக்கிழமை, குடும்ப வாட்ஸ்அப் குழுவில்*

பெரியப்பா (மாலை 5.40): கிரெடிட் கார்டு வந்து சேர்ந்தது. கூரியர் தம்பி ஓடிபி கேட்டார். அது பெங்களூரில் இருக்கும் மகன் போனுக்குப் போய், அங்கே மீட்டிங் முடிந்து, இங்கே திரும்பி வருவதற்குள் அவர் இரண்டு டம்ளர் மோர் குடித்துவிட்டார்.

பெரியப்பா: முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் போட்டிருக்கிறேன். பாருங்கள்.
(2 படங்கள்)

நான்: பெரியப்பா!! இரண்டையும் உடனே அழியுங்கள். எல்லோருக்கும் அழியும்படி.

நான்: முன்னால் 16 எண், தேதி. பின்னால் சிவிவி என்கிற ரகசிய எண். திருடுகிறவனுக்குக் கார்டே தேவையில்லை, இவை இருந்தால் போதும்.

மதுரை சித்தப்பா: என் கேலரியில் இறங்கிவிட்டது அண்ணா. அங்கேயும் அழித்துவிட்டேன்.

திருச்சி அத்தை: எனக்கு நெட் இல்லாமல் படம் திறக்கவே இல்லை. முதல் முறையாக அதனால் ஒரு நன்மை.

மதுரை சித்தப்பா: பென்ஷன்காரருக்கு எப்படி அண்ணா கிரெடிட் கார்டு கொடுத்தார்கள்?

பெரியப்பா: பாங்கில் நான் போட்டிருக்கும் வைப்புத் தொகை, அந்த எஃப்.டி.யின் பேரில். நான் கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்வார்களாம். அவர்களுக்கு என்ன பயம்?

*சனிக்கிழமை*

பெரியப்பா (காலை 11.05): பாங்கிலிருந்து ஒரு பையன் பேசினான். நல்ல மரியாதை, வாய்க்கு வாய் 'ஐயா'. 30 நாளுக்குள் ஆக்டிவேட் செய்யாவிட்டால் கார்டும் ரத்து, அபராதமும் உண்டாம். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறான். தொட்டால் போதுமாம்.

நான்: தொடாதீர்கள்.

நான்: ஃபைல் பெயர் எப்படி முடிகிறது?

பெரியப்பா: ஏ பி கே.

நான்: அது ஆப். நீங்கள் அதைப் போனில் ஏற்றிவிட்டால் உங்களுக்கு வருகிற எஸ்எம்எஸ் அவனுக்கும் போகும். அழித்துவிட்டு அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள்.

திருச்சி அத்தை: இன்று இரண்டாம் சனி. பாங்கே லீவு, எவன் கூப்பிடுவான்?

நான்: கஸ்டமர் கேருக்கு லீவு கிடையாது அத்தை, அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் எந்த வங்கியும் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பாது.

மதுரை சித்தப்பா: 30 நாள் விஷயம் நிஜம்தானே? நானும் எங்கேயோ படித்தேன்.

நான்: பாதி நிஜம் சித்தப்பா, அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. ரிசர்வ் வங்கி 2022இல் போட்ட விதி. 30 நாள் தாண்டியும் ஆக்டிவேட் செய்யாமல் கிடந்தால், வங்கி ஓடிபி வழியாக நம்முடைய சம்மதத்தைக் கேட்க வேண்டும். நாம் தராவிட்டால் ஏழு வேலை நாளுக்குள் ஒரு பைசா வாங்காமல் கணக்கை மூட வேண்டும். அபராதம் அவன் கையிலிருந்து போட்ட மசாலா.

பெரியப்பா: நேற்றுத்தானே கார்டு வந்தது? இன்றைக்கே அவனுக்கு எப்படித் தெரிந்தது?

நான்: தெரிந்திருக்க வேண்டும் என்றே இல்லை. நூறு பேரைக் கூப்பிட்டால் நாலு பேருக்காவது புது கார்டு வந்திருக்கும்.

திருச்சி அத்தை: எனக்கு ஒரு சந்தேகம். பாங்கில் கொடுத்திருப்பது மகன் நம்பர். கூரியர் ஓடிபியே அங்கேதான் போனது. அப்படியிருக்க, இந்த பாங்க் மட்டும் எப்படி உன் பெரியப்பா நம்பருக்குக் கூப்பிட்டது?

மதுரை சித்தப்பா: அடேயப்பா.

அண்ணன்: இதற்குத்தான் என் நம்பரே இருக்கட்டும் என்கிறேன் அப்பா.

பெரியப்பா: நேற்று மெடிக்கலில் பழைய ஏடிஎம் கார்டைத் தேய்த்து 340 ரூபாய்க்கு மாத்திரை வாங்கினேன். படி இறங்குவதற்குள் போன் செய்து 'உடம்புக்கு என்ன' என்று கேட்டாய். போன வாரம் 220 ரூபாய்க்கு அல்வா. 'சுகர் ஞாபகம் இருக்கிறதா' என்றாய். பென்ஷன் என்னுடையது, எஸ்எம்எஸ் உனக்கு.

அண்ணன்: எஸ்எம்எஸ் தானாக வருகிறது அப்பா, நான் என்ன செய்ய?

பெரியம்மா: அல்வாவா?

நான்: அண்ணா, சுகர் பஞ்சாயத்து இருக்கட்டும். நீங்கள் வேலையாக இருக்கும்போது ஓடிபியை இங்கே போட்டுவிடுகிறீர்கள், மேலே போய்ப் பாருங்கள். 18 பேர் இருக்கிற குழு. நாமே ஓடிபியைக் கொடுத்துப் பணம் போனால், புகார் செய்யும் வரை போனதெல்லாம் நம் தலையில்தான். அதோடு, நம்பர் உங்களுடையதாக இருக்கும் வரை பெரியப்பா போனில் வங்கி ஆப்பும் வேலை செய்யாது.

பெரியப்பா: நேற்று ராத்திரியே முயன்றேன். 'சிம் சரிபார்க்க முடியவில்லை' என்று ஒன்பது முறை சொன்னது.

நான்: சொல்லத்தான் செய்யும். ஆப் உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, வங்கியில் பதிந்த நம்பர்தானா என்று பார்க்கும். அந்த சிம் பெங்களூரில் இருக்கிறது.

அண்ணன்: சரி. திங்கட்கிழமை கிளைக்குப் போய் மாற்றிவிடுங்கள் அப்பா. ஆதாரும் பாஸ்புக்கும் எடுத்துப் போங்கள். கார்டுக்கும் சேர்த்து மாறுமா என்று கேளுங்கள், சில இடத்தில் தனி ஃபாரம்.

பெரியப்பா: கோபமில்லையே?

அண்ணன்: இல்லை அப்பா.

*புதன்கிழமை*

பெரியப்பா (காலை 10.20): நம்பர் மாறிவிட்டது. ஆப் இன்னும் மறுக்கிறது.

நான்: எந்த சிம்மில் பேலன்ஸ் இருக்கிறது? வங்கியில் கொடுத்த சிம்மிலிருந்துதான் எஸ்எம்எஸ் போக வேண்டும்.

பெரியப்பா: அதில் ரீசார்ஜ் முடிந்துவிட்டது. பொறு.

பெரியப்பா (11.02): உள்ளே போய்விட்டேன்! ஆக்டிவேட் ஆகிவிட்டது. பின் நம்பரும் வைத்தாயிற்று, மறக்கவே மறக்காது. கல்யாண வருடம்.

நான்: மாற்றுங்கள் பெரியப்பா. இப்போது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பெரியம்மா: பயப்படாதே கண்ணு. அவர் எப்போதும் ஒரு வருடம் தள்ளித்தான் சொல்வார்.

திருச்சி அத்தை: அண்ணி 😂

பெரியப்பா (மாலை 4.15): ஆன்லைனில் ஒன்று வாங்கப் பார்த்தேன். 'அனுமதி இல்லை' என்கிறது. கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடவா?

நான்: வேண்டாம், அங்கே போலி நம்பர்கள் நிறைய. கூப்பிடுவதானால் கார்டுக்குப் பின்னால் அச்சடித்திருக்கும் நம்பர்தான். ஆனால் இதற்கு அதுவும் தேவையில்லை. 2020இலிருந்தே புது கார்டு நம் நாட்டுக் கடை மெஷினிலும் ஏடிஎம்மிலும் மட்டும்தான் வேலை செய்யும். ஆன்லைன், வெளிநாடு, தொட்டுக் காட்டிக் கட்டுவது, இந்த மூன்றையும் நாம்தான் ஆப்பில் திறக்க வேண்டும். ஆன்லைனை மட்டும் திறந்து, பக்கத்திலேயே லிமிட் 3,000 என்று போடுங்கள்.

மதுரை சித்தப்பா: தொட்டுக் கட்டுவதும் வசதிதானே?

நான்: 5,000 ரூபாய் வரை பின் கேட்காது சித்தப்பா. பெரியப்பா பர்ஸை எங்கெல்லாம் வைப்பார் என்று பெரியம்மாவைக் கேளுங்கள்.

பெரியம்மா: அரிசி டப்பாவில் இருந்திருக்கிறது.

அண்ணன்: அப்பா, பில் வந்தால் 'மினிமம்' என்று சின்னத் தொகை ஒன்று இருக்கும். அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், மிச்சத்துக்கு வட்டி ஓடும். கணக்கிலிருந்து தானாகக் கட்டும் ஆட்டோ டெபிட்டில் 'முழுத் தொகை' என்று வைத்துவிடுங்கள். இந்தக் கார்டால் ஏடிஎம்மில் பணம் எடுக்கவே வேண்டாம், எடுத்த அன்றே வட்டி தொடங்கிவிடும்.

பெரியப்பா: முழுத் தொகை வைத்தாயிற்று. பின் நம்பரும் மாற்றியாயிற்று. என்ன என்று சொல்ல மாட்டேன்.

பெரியப்பா (5.31): ஓடிபி வந்தது. என் போனுக்கே. பணமும் கட்டியாயிற்று.

அண்ணன்: சூப்பர் அப்பா. என்ன வாங்கினீர்கள்?

பெரியப்பா: எஸ்எம்எஸ்ஸில் வந்திருக்குமே.

பெரியப்பா: ஓ, உனக்கு இனி வராதல்லவா.

பெரியம்மா: நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறேன். திருநெல்வேலியிலிருந்து வருகிறது, ஒரு கிலோ. முக்கால் கிலோ எனக்கு.