ராமநாதபுரம் வெள்ளைச் செம்மறி ஆடு: இனம் கலக்காமல் காப்பது எப்படி?

கல்லல் பட்டி:
40 பெட்டை இருக்கு, பெரும்பாலும் ராமநாதபுரம் வெள்ளை. அறுப்பு முடிஞ்சு வயலில் கிடை போடும்போது (உரத்துக்காக ராத்திரி மந்தையை வயல்லயே அடைக்கும்போது) மத்தவங்க மந்தையோடு கலந்துடுது. இப்போ செவலைத் திட்டு விழுந்த குட்டியும், நீளக் காது தொங்குற குட்டியும் பிறக்குது. சுத்தமான கிடாவும் இந்தப் பக்கம் அரிதாயிடுச்சு. இருக்கிறதை வச்சு இனத்தை மீட்க முடியுமா?

தேவகோட்டை மந்தை:
முடியும் அண்ணே. திட்டைப் பார்த்துக் கழிக்காதீங்க. இந்த இனத்திலேயே செம்பழுப்பு, கருப்புத் திட்டு வரும். கிடாவுக்கு முறுக்குக் கொம்பு, பெட்டை மொட்டை. காது நடுத்தரம், வால் குட்டையா மெலிசா இருக்கும். வளர்ந்த கிடா 30 கிலோவை ஒட்டி நிற்கும், பெட்டை 22, 23. நீளக் காதுக் குட்டிதான் கலப்பு, அதைக் கறிக்கு விடுங்க.

40 பெட்டைக்கு ரெண்டு பொலிகிடா (இனவிருத்திக்கு விடுற கிடா) போதும். சினை 5 மாசம், பிறந்த பெட்டைக்குட்டி பருவத்துக்கு வர ஏறக்குறைய 10 மாசம். ஆக, கிடா சேர்ந்த 15 மாசத்துக்குள்ள அதை மாத்தியாகணும். தகப்பன் மகளோடு சேர்ந்தா குட்டி எடை குறையும், சாவு கூடும். கிடாவை விற்காம, வேற ஊர் வெள்ளை மந்தையோடு மாத்திக்குங்க.

இன்னொண்ணு. பக்ரீத்துக்கும் கிடாவெட்டுக்கும் நல்லா வளர்ந்த கிடாக்குட்டிதான் முதல்ல விலை போகுது. நோஞ்சான்தான் மிஞ்சித் தகப்பனாகுது. இனம் தேயுறதுக்கு இது பெரிய காரணம். பால் மறக்கும் 3 மாசத்திலேயே சிறந்த நாலு கிடாக்குட்டியை ஒதுக்கிக் காதுத்தோடு போட்டுடுங்க. வியாபாரி எவ்வளவு கூட்டிக் கேட்டாலும் கொடுக்கக்கூடாது.

கிடைக்காரன்:
கிடையில் கலப்பைத் தடுக்க, இணை சேர்ற பருவம் முடியுற வரைக்கும் கூட்டு சேர்ற மத்த மந்தைக் கிடா எல்லாத்துக்கும் வயித்துக்குக் குறுக்கே, ஆண்குறிக்கு முன்னால சாக்குத்துணி கட்டச் சொல்லுங்க. தினமும் அவிழ்த்துக் கழுவணும். மூத்திரத்தில் ஊறினா புண்ணாகிப் புழு வைக்கும்.

உங்க பொலிகிடா நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைச்சுப் பூசுங்க. எந்தப் பெட்டை முதுகில் காவி ஒட்டுதோ அது சேர்ந்தாச்சு. 17 நாள் கழிச்சு வேற நிறம் பூசுங்க. அதே பெட்டை மறுபடி நிறம் வாங்கினா சினை நிக்கலை. பாதிக்கு மேல அப்படித் திரும்பினா கிடாவைச் சந்தேகப்படுங்க.

கல்லல் பட்டி:
மிச்சக் கிடாக்குட்டிக்குக் காயடிக்கலாமா?

தேவகோட்டை மந்தை:
கட்டாயம், 3, 4 மாசத்தில். பர்டிசோ இடுக்கியால் ஒவ்வொரு விதைநரம்பையும் தனித்தனியா, ஒண்ணு மேல ஒண்ணு கீழ நசுக்கணும். ரெண்டையும் ஒரே கோட்டில் குறுக்கே பிடிச்சா ரத்த ஓட்டம் நின்னு விதைப்பையே அழுகும். கால்நடை மருத்துவரை வச்சே செய்யுங்க.