ஈஸ்ட் ஹாமுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்களா? உங்கள் எம்.பி.யைப் பற்றிக் கொஞ்சம்

விசா நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்கிறேன், யாரிடம் கேட்பது என்று ஒரு தம்பி இங்கே கேட்டிருந்தார். பதில் சொன்னவர்களில் பாதிப் பேர் வக்கீலைப் பார்க்கச் சொன்னார்கள், மீதிப் பேர் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். உங்கள் எம்.பி.க்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் இந்த இழை. நீளமாகப் போகும், டீ போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

நம் ஊர்ப் பழக்கம் நமக்குத் தடையாக நிற்கிறது. அங்கே எம்.பி. என்றால் தேர்தலுக்கு முன் ஜீப்பில் கும்பிட்டுக்கொண்டு போவார். நமக்கு ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் வட்டச் செயலாளரைப் பிடித்து, அவர் மாவட்டத்தைப் பிடித்து, கடைசியில் ஒரு சிபாரிசுக் கடிதம் வாங்கவேண்டும். இங்கே இடையில் யாரும் வேண்டாம். நேராக எழுதலாம், காசு கிடையாது. "எனக்கு எம்.பி. ஆபீசில் ஆள் தெரியும், இருநூறு பவுண்டு ஆகும்" என்று யாராவது சொன்னால் அவர் எண்ணை பிளாக் செய்துவிடுங்கள்.

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. கிழக்கு லண்டனில் எங்கள் ஈஸ்ட் ஹாம் தொகுதி எம்.பி. ஸ்டீபன் டிம்ஸின் கதையை வைத்தே சொல்கிறேன். நம் ஆட்கள் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் கடை போட்டு, சர்ச் ரோட்டில் முருகன் கோயிலில் கூடும் பகுதியை முப்பது வருடத்துக்கு மேலாக நாடாளுமன்றத்தில் பிரதிநிதித்துவப்படுத்துபவர் அவர்தான்.

*

டிம்ஸ் இந்தப் பகுதியில் பிறந்தவர் இல்லை. 1955-ல் வடக்கே ஓல்டாமில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்துவிட்டுத் தொலைத்தொடர்புத் துறையில் வேலை பார்த்தார். 1984-ல் ஈஸ்ட் ஹாம் அடங்கிய நியூஹாம் பகுதியின் கவுன்சிலர், 1990-ல் கவுன்சில் தலைவர். 1994-ல் நியூஹாம் வடகிழக்குத் தொகுதி எம்.பி. இறந்துபோக, இடைத்தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் நின்று வென்றார். அந்த இடைத்தேர்தலில் ஒரு கூத்து: லிபரல் டெமாக்ரட் வேட்பாளரே வாக்குப்பதிவுக்குக் கொஞ்சம் முன்னால் தொழிற்கட்சிக்குத் தாவிவிட்டார். கட்சி தாவுவது நமக்கு மட்டும் சொந்தமில்லை. 1997-ல் தொகுதியை மாற்றி அமைத்தபோது ஈஸ்ட் ஹாம் உருவானது. அன்று முதல் அங்கே அவர்தான்.

பிளேர், பிரவுன் ஆட்சிகளில் பல துறைகள் மாறினார். பள்ளிகள், ஓய்வூதியம், மின்வணிகம், வேலைவாய்ப்பு. 2006-ல் நிதி அமைச்சகத்தின் தலைமைச் செயலராகி அமைச்சரவையில் ஒரு வருடம் உட்கார்ந்தார். நம் ஊர்க் கணக்கில் தலைமைச் செயலர் என்றால் அதிகாரி என்று நினைப்போம். இங்கே அது அமைச்சர் பதவி, நிதியமைச்சருக்கு அடுத்த இடம். இதெல்லாம் விக்கிப்பீடியாவில் இருக்கும், நான் வேகமாகத் தாண்டிப் போகிறேன். நமக்கு வேண்டியது அவர் தொகுதிக்குள் செய்த வேலை.

*

இங்கே எம்.பி.க்கள் தொகுதி மக்களை நேரில் சந்திக்க நேரம் ஒதுக்குவார்கள். பெயர் சர்ஜரி. நூலகத்திலோ, தேவாலயக் கூடத்திலோ, சமூக நிலையத்திலோ ஒரு மேசை போட்டு நடக்கும். பெரிய ஏற்பாடெல்லாம் இருக்காது. பக்கத்தில் ஓர் உதவியாளர் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பார். உங்கள் முறை வந்ததும் உட்கார்ந்து, கோப்பைத் திறந்து, பத்து நிமிடத்துக்குள் விஷயத்தைச் சொல்லிவிட்டு எழுந்துவிட வேண்டும். வெளியே காத்திருப்பவர்கள் மடியிலும் அதே மாதிரி பிளாஸ்டிக் உறைக் கோப்புதான்: உள்ளே பாஸ்போர்ட் நகல், சம்பளச் சீட்டு, விசாவைக் கவனிக்கும் உள்துறை அமைச்சகத்தின் பழைய கடிதம் ஒன்று.

2010 மே 6-ல் பொதுத்தேர்தல். டிம்ஸ் 27,826 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்தத் தேர்தலிலேயே மிகப் பெரிய வித்தியாசம் அதுதான். மே 11-ல் கட்சியின் ஆட்சி போனது. மூன்று நாள் கழித்து, மே 14 அன்று, பெக்டன் குளோப் நூலகத்தில் சர்ஜரி நடத்திக்கொண்டிருந்தார். நேரம் வாங்கிக்கொண்டு வந்த ஓர் இளம்பெண் கைகுலுக்க வருவது போல நெருங்கி வந்து, வயிற்றில் இரண்டு முறை கத்தியால் குத்திவிட்டார். ஈராக் போருக்கு ஆதரவாக டிம்ஸ் வாக்களித்ததுதான் காரணம் என்றார். உதவியாளர் அந்தப் பெண்ணை மடக்கிப் பிடித்தார். அறுவை சிகிச்சை செய்து டிம்ஸைப் பிழைக்க வைத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஆயுள் தண்டனை.

அதற்குப் பிறகும் மனிதர் சர்ஜரியை நிறுத்தவில்லை. அவருடைய கொள்கைகளில் எனக்கு உடன்பாடில்லாதவை உண்டு. ஈராக் வாக்கு ஒன்று, 2013-ல் ஒருபாலினத் திருமணச் சட்டத்தை எதிர்த்துப் போட்ட வாக்கு இன்னொன்று. ஆனால் குத்துப்பட்டு எழுந்து வந்து மறுபடி அதே மாதிரி மேசையில் உட்கார்ந்ததை நான் மதிக்கிறேன்.

இது ஏன் உங்களுக்குத் தெரியவேண்டும் என்றால், இன்று பல எம்.பி.க்கள் முன்பதிவு இல்லாமல் யாரையும் பார்ப்பதில்லை. 2016-ல் ஜோ காக்ஸ், 2021-ல் டேவிட் அமெஸ் என்று இரண்டு எம்.பி.க்கள் தொகுதி மக்களைச் சந்திக்கப் போன இடத்தில் கொல்லப்பட்டார்கள். அதனால் முகவரி கேட்டால், விஷயம் என்ன என்று முன்கூட்டியே கேட்டால், பையைத் திறந்து காட்டச் சொன்னால் நம்மைக் குறைவாக நினைக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாருக்கும் அதேதான்.

*

அடுத்து, மாணவர் விசாவில் வந்தவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

2014-ல் பிபிசியின் ஒரு நிகழ்ச்சி, லண்டனில் டோயிக் ஆங்கிலத் தேர்வில் ஆள்மாறாட்டம் நடப்பதைப் படம்பிடித்துக் காட்டியது. மோசடி நடந்தது உண்மைதான். ஆனால் அதன்பின் தேர்வு நடத்திய நிறுவனம் பிரிட்டனில் நடந்த 58,000-க்கும் மேற்பட்ட தேர்வுகளைச் சோதித்து, அவற்றில் 97 சதவீதம் சந்தேகத்துக்குரியவை என்றது. அதை வைத்துக்கொண்டு உள்துறை அமைச்சகம் ஆயிரக்கணக்கான மாணவர்களின் விசாவை ரத்து செய்தது. நன்றாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகளும் அதில் மாட்டினார்கள். ஏமாற்றவில்லை என்று நிரூபிக்க வழியில்லை, படிப்பு போச்சு, கட்டிய பணம் போச்சு, ஊருக்குத் திரும்பினால் "மோசடி செய்து வந்தவன்" என்ற பெயர். அவர்களில் பலர் இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசத்துப் பிள்ளைகள்.

அந்தப் பிள்ளைகள் சிலர் தங்கள் எம்.பி.யிடம் போனார்கள். டிம்ஸ் அதைக் கையில் எடுத்தார். நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டார், இதற்கென அமைந்த அனைத்துக் கட்சி எம்.பி.க்கள் குழுவுக்குத் தலைமை தாங்கி 2019-ல் அறிக்கை வெளியிட்டார். அதே வருடம் தேசியத் தணிக்கை அலுவலகமும், நிரபராதிகள் மாட்டியிருக்கக்கூடிய வாய்ப்பை உள்துறை அமைச்சகம் சரியாகக் கவனிக்கவில்லை என்று சொன்னது. எல்லாருக்கும் நியாயம் கிடைத்துவிடவில்லை. தனித்தனியாக நீதிமன்றம் ஏறித்தான் பலர் பெயரை மீட்டார்கள்.

இந்த மாணவர்களில் பலருக்கு டிம்ஸ் தங்கள் தொகுதி எம்.பி. இல்லை. அவர்கள் விவகாரத்தை அவரவர் எம்.பி.தான் எழுதிக் கேட்க முடியும். இது இங்குள்ள எழுதாத விதி. ஆகவே உங்கள் அஞ்சல் குறியீட்டை நாடாளுமன்ற இணையதளத்தில் போட்டு, உங்கள் எம்.பி. யார் என்று முதலில் பாருங்கள். ஈஸ்ட் ஹாமிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம் போனாலே ஸ்ட்ராட்ஃபோர்ட் அண்ட் போ தொகுதி வந்துவிடும். அங்கே 2024 முதல் எம்.பி. உமா குமரன், இலங்கைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழர் என்பதற்காக ஈஸ்ட் ஹாமில் இருந்துகொண்டு அவருக்கு எழுதினால், "உங்கள் எம்.பி.யிடம் போங்கள்" என்ற பதில்தான் வரும்.

*

உங்கள் விசாவில் "நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்" என்றிருக்கும். வேலை விசா, மாணவர் விசா, துணை விசா எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருக்கும். வரி கட்டலாம், ஆனால் அரசு உதவித்தொகை பெரும்பாலானவற்றைத் தொடக்கூடாது.

2020 மே 27. கோவிட் ஊரடங்கு. ஒவ்வொரு துறையையும் கண்காணிக்கும் நாடாளுமன்றக் குழுக்களின் தலைவர்கள் சேர்ந்து பிரதமரைக் கேள்வி கேட்கும் கூட்டம், காணொலியில். டிம்ஸ் அப்போது வேலை மற்றும் ஓய்வூதியக் குழுவின் தலைவர். தன் தொகுதிக் குடும்பம் ஒன்றைச் சொன்னார்: பிள்ளைகள் பிரிட்டிஷ் குடிமக்கள், கணவருக்கு வருமானம் நின்றுவிட்டது, மனைவியின் சம்பளம் வாடகைக்கே போதவில்லை, இந்த நிபந்தனையால் எந்த உதவியும் இல்லை. போரிஸ் ஜான்சன் இடைமறித்து, ஏன் அவர்களுக்கு யுனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை) கிடைக்காது என்று திருப்பிக் கேட்டார். நாட்டின் பிரதமருக்கே இப்படி ஒரு நிபந்தனை இருப்பது சட்டென்று பிடிபடவில்லை! அப்புறம் டிம்ஸ்தான் விளக்கினார். எத்தனை பேர் இந்த நிலையில் இருக்கிறார்கள் என்று பார்த்துச் சொல்வதாக ஜான்சன் சொன்னார். நிபந்தனை இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

நாம் இங்கே அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். பிள்ளை வளர்க்க அரசு தரும் சைல்ட் பெனிஃபிட் பப்ளிக் ஃபண்ட்ஸ் கணக்கில் வரும், "எல்லாரும் வாங்குறாங்க" என்று விண்ணப்பித்துவிடாதீர்கள். வருமானம் குறைவு என்று கவுன்சில் டாக்ஸில் (வீட்டுக்குக் கவுன்சில் வாங்கும் வரி) தரும் குறைப்பும் அதில் சேரும். ஆனால் தனியாக இருப்பவருக்கான 25 சதவீதத் தள்ளுபடி சேராது, தாராளமாகக் கேட்கலாம். பிள்ளைகளின் அரசுப் பள்ளி, என்.எச்.எஸ். மருத்துவம், வேலை கொடுத்தவர் தரும் மகப்பேறு ஊதியம், நோய்க்கால ஊதியம் இவையும் சேராது.

2024 ஜூலை முதல் டிம்ஸ் சமூகப் பாதுகாப்பு, மாற்றுத்திறனாளிகள் துறையின் அமைச்சர். 2025 ஜூலை 1 அன்று மாற்றுத்திறனாளிகளுக்கான பிப் உதவித்தொகையைக் குறைக்கும் மசோதா விவாதத்தில் சொந்தக் கட்சியினரே கொதித்தபோது, விவாதம் நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, அந்தப் பிரிவை நீக்குகிறோம் என்று அறிவித்தவர் இவர்தான். பிப் பற்றிய மறுஆய்வும் இவர் பொறுப்பில் விடப்பட்டது. இத்தனை வருடம் அரசைக் குடைந்தவர், இப்போது அரசுக்காகப் பதில் சொல்லும் இடத்தில். அமைச்சரானால் சபையில் கேள்வி எழுப்ப முடியாது. ஆனால் தொகுதி மக்களுக்காக மற்றத் துறைகளுக்குக் கடிதம் எழுதுவதற்குத் தடை இல்லை.

*

சரி, எழுதுவது எப்படி. தலைப்பில் விஷயம் ஒரே வரியில். உள்ளே முழுப்பெயர், அஞ்சல் குறியீட்டோடு வீட்டு முகவரி (இது இல்லாவிட்டால் திருப்பிக் கேட்டுத்தான் எழுதுவார்கள்), பிறந்த தேதி, விண்ணப்ப எண், விண்ணப்பித்த நாள், கைரேகை கொடுத்த நாள். கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரு வாக்கியம். "தாங்கள்தான் தெய்வம் போல" எல்லாம் வேண்டாம். குடும்பக் கதை ஒரு பத்தி போதும். மூல ஆவணங்களை அனுப்பவே அனுப்பாதீர்கள்.

அதற்கு முன், அந்த விசாவுக்கு அரசு அறிவித்திருக்கும் காலக்கெடு தாண்டிவிட்டதா என்று பாருங்கள். தாண்டாமல் எழுதினால், "இன்னும் கெடுவுக்குள்தான் இருக்கிறது" என்ற ஒரு வரியோடு பச்சை நிற நாடாளுமன்ற முத்திரை போட்ட கடிதம் வரும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். எம்.பி.யால் முடிவை மாற்ற முடியாது, நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கில் தலையிட முடியாது. எங்கோ அடியில் கிடக்கும் கோப்பை எடுத்துப் பார்க்க வைக்க முடியும். பல நேரம் அதுவே போதும்.

*

கீழே கேட்டவர்களுக்கு:

"அண்ணா, நான் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஓட்டு இருக்கா?" இருக்கு தம்பி. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்கள் (இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம்) 18 வயதாகி, செல்லுபடியாகும் விசாவோடு இங்கே வசித்தால் பொதுத்தேர்தலிலேயே வாக்களிக்கலாம். மாணவர் விசாவானாலும் சரி. ஆன்லைனில் பதிவு செய்ய ஐந்து நிமிடம். பெயர் பட்டியலில் இருந்தால் கடன் அட்டை, போன் ஒப்பந்தம் எடுக்கும்போதும் உதவும். வாக்குச்சாவடியில் இப்போது புகைப்பட அடையாளம் கேட்பார்கள், உங்கள் இந்தியப் பாஸ்போர்ட்டே செல்லும். இங்கே வாக்களித்தால் இந்தியக் குடியுரிமை போய்விடாது. வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்தால்தான் போகும்.

"நாங்கள் பிரான்ஸ் சிட்டிசன், போன வருசம்தான் லண்டன் வந்தோம்." அக்கா, உங்களுக்குப் பொதுத்தேர்தலில் ஓட்டு இல்லை. பக்கத்து வீட்டில் நேற்று இறங்கிய யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு உண்டு, உங்களுக்கு இல்லை, விதி அப்படி. ஆனால் எம்.பி.க்கு எழுத ஓட்டு தேவையில்லை. தொகுதியில் வசித்தால் போதும்.

"பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியில் இடம் கிடைக்கவில்லை, எம்.பி.க்கு எழுதவா?" அது கவுன்சில் வேலை. முதலில் மறுப்புக் கடிதத்தில் உள்ள மேல்முறையீட்டுத் தேதியைப் பாருங்கள், அதைத் தவறவிடாதீர்கள். அப்புறம் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு எழுதுங்கள். அவர் பெயரும் மின்னஞ்சலும் கவுன்சில் இணையதளத்தில் இருக்கும், அங்கேயும் அஞ்சல் குறியீட்டைப் போட்டுத்தான் தேடவேண்டும்.