ஈஜிஎஃப்ஆர் தரவில் 'சிங்குலர்' எச்சரிக்கை போகவே மாட்டேனென்குது, உதவுங்கோ

மூதூர்:
திருகோணமலை மாவட்டத்துச் சிறுநீரகக் கிளினிக் தரவு. ஆளுக்கு 2 முதல் 9 ஈஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) அளவீடுகள், இடைவெளி ஒழுங்கில்லை. ஆர் மென்பொருளில் எல்எம்இ4 என்ற கலப்பு மாதிரிப் பொதி கொண்டு வெட்டுத்துண்டையும் (காலம் 0 இல் உள்ள அளவு) படித்திறனையும் (மாறும் வேகம்) ஆளுக்காள் மாற விட்டிருக்கிறேன். காலம் 2015 ஜனவரி 1 இலிருந்து நாட்கணக்கில். மாறற்றிறன் 0 இலோ இணைவு ±1 இலோ முட்டினால் வரும் 'சிங்குலர்' எச்சரிக்கை, ஒப்டிமைசரை (மதிப்புகளைத் தேடும் முறையை) மாற்றியும் போகேல்லை. இன்னொன்று, வருடாவருடச் சராசரியைக் கீறினால் 4ஆம் வருடத்துக்குப் பிறகு கோடு நிமிருது. சிறுநீரகம் தேறுமா?

உவர்மலை:
ஒப்டிமைசர் கடைசி வேலை. முதல் காலத்தைத் திருத்துங்கோ: ஒவ்வொருவரின் முதல் வருகை 0, பிறகு நாட்களை 365.25 ஆல் பிரியுங்கோ. இப்ப உங்கட வெட்டுத்துண்டு, 2015 இல் கிளினிக்குக்கே வராதவரின் அன்றைய அளவையும் ஊகிக்குது. அதாலதான் வெட்டுத்துண்டுக்கும் படித்திறனுக்கும் இடையிலான இணைவு −1 இல் போய் ஒட்டுது. நாட்கணக்கில் படித்திறனின் மாறற்றிறனும் வருடக்கணக்கை விட 133,000 மடங்கு சிறியது. தேடல் தடுமாறாமல் என்ன செய்யும்?

பிறகும் எச்சரிக்கை போகாவிட்டால் 'வார்கோர்' (மாறற்றிறன்களையும் இணைவையும் காட்டும் கட்டளை) பாருங்கோ. பெரும்பாலானோருக்கு 2 அளவீடுதான் என்றால் படித்திறன் வேறுபாட்டைப் பிரித்தெடுக்கத் தரவு காணாது. சூத்திரத்தில் இரட்டைக் கோடு (||) போட்டு இணைவை நீக்கலாம், ஆனால் 0 ஐ எங்க வைக்கிறீங்களோ அதுக்கேற்ப விடை மாறும். ஒரே அளவீடு உள்ள ஆக்களை வெட்டியிருந்தால் திரும்பச் சேருங்கோ, வெட்டுத்துண்டுக்கு உதவுவினம்.

நிலாவெளி:
தேறேல்லை தம்பி. வேகமாகக் குறைஞ்ச ஆக்கள் டயலிசிசுக்குப் போயிட்டினம், சிலர் செத்திட்டினம். மிச்சம் மெல்லக் குறையிற ஆக்கள்தான். ஆக்கள் இப்படி விலகுறது பதிவான ஈஜிஎஃப்ஆரில் மட்டும் தங்கியிருந்தால் கலப்பு மாதிரி சமாளிக்கும். பதிவாகாத உண்மைப் போக்கில் தங்கியிருந்தால், அளவீட்டையும் விலகலையும் சேர்த்துப் பொருத்தும் கூட்டு மாதிரி வேணும். அதுக்கான ஜேஎம்பேஸ்2 பொதி எல்எம்இ4 பொருத்தத்தை ஏற்காது. கலப்பு மாதிரியை என்எல்எம்இ பொதியில் ஓட்டி, விலகும் வரையான காலத்துக்குரிய கொக்ஸ் மாதிரியோட இணையுங்கோ. கொக்ஸ் தரவில் ஆளுக்கு ஒரு வரி. டயலிசிஸ் திகதிக்குப் பிந்தின அளவீடு ஒன்று கிடந்தாலும் பிழை காட்டி நிற்கும்.

அதுக்கு முதல் ஒரு கேள்வி: ஈஜிஎஃப்ஆரை யார் கணிச்சது? ஆய்வுகூடம் இடையில் ஈஜிஎஃப்ஆர் கணிக்கும் சமன்பாட்டையோ இரத்தக் கிரியேட்டினின் அளக்கும் முறையையோ மாற்றியிருந்தால் கோட்டில் பொய்யான படி விழும்.

மூதூர்:
ஆய்வுகூடம்தான். 2009 சிகேடி-ஈபிஐ சமன்பாடும் 2021 சமன்பாடும் கலந்து கிடக்கு. மூலக் கிரியேட்டினின் இருக்கு, சிலது லீற்றருக்கு மைக்ரோமோலில், சிலது டெசிலீற்றருக்கு மில்லிகிராமில்.

நிலாவெளி:
மைக்ரோமோலை 88.4 ஆல் பிரிச்சு எல்லாத்தையும் ஒரே சமன்பாட்டில் திரும்பக் கணியுங்கோ. கிரியேட்டினின் அளக்கிறது ஜாஃபே முறையிலிருந்து என்சைம் முறைக்கு மாறின திகதி தெரிஞ்சால் முன்/பின் என்றொரு மாறியும் சேருங்கோ. அந்த அளவீட்டு மாற்றத்தைச் சமன்பாடு திருத்தாது.